ரத்தம் சொல்லும் சேதி

மூளைக் கட்டி என்றதும், மண்டையைத் திறக்காமல் ரத்தத்திலேயே கண்டுபிடிக்கக் கூடாதா என்று மனம் ஏங்கும். அந்த ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது. மூளையின் நட்சத்திர வடிவ உயிரணுக்களில் உள்ள ஜிஎஃப்ஏபி என்ற புரதம், கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி வளரும்போது ரத்தத்தில் கசிகிறது. 2007இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், அக்கட்டி இருந்த 50 பேரில் 40 பேரின் ரத்தத்தில் அது தென்பட்டது. அப்படியானால் ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். மீதிப் பத்துப் பேரை நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, மூளை ரத்தக்கசிவிலும் தலைக்காயத்திலும் இதே புரதம் உயரும். அதனால்தான், சிங்கப்பூரின் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் தேசிய நரம்பியல் கழகம் போன்ற இடங்களிலும் எம்ஆர்ஐ ஸ்கேன், திசுப் பரிசோதனை இவற்றைக் கொண்டே நோயை உறுதிசெய்கிறார்கள். ரத்தப் பரிசோதனை உதவக்கூடிய இடம் வேறு. சிகிச்சைக்குப் பிறகு, ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையே கட்டி மீண்டும் தலைதூக்குகிறதா என்று பார்க்க மூளைத் திசுவை அடிக்கடி எடுக்க முடியாது. கையில் ரத்தம் எடுக்கலாம்.