தமிழ்க் கோப்புகளைத் தொகுத்து வைத்தல்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலரிடம் தமிழ்க் கோப்புகள் பழைய கணிப்பொறிகளில் உறங்கிக் கிடக்கின்றன. தமிழ்ச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், பெற்றோர் சொல்லக் கேட்டு எழுதிய குடும்ப வரலாறு எனப் பலவும் அவற்றுள் உண்டு. அவற்றை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டால், வேண்டிய செய்தியை நொடியில் தேடி எடுக்கலாம். ஆயினும் சேர்க்கும் வேலையில் ஓர் ஆபத்து உண்டு. அதனை நாங்கள் பட்டு அறிந்தோம்.

தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நாங்கள், பல்லாண்டு உழைப்பை 6,000 கோப்புகளாக வைத்திருந்தோம். கையால் சேர்ப்பது ஆகாத காரியம். ஆகவே பைத்தானில் சிறு நிரல் ஒன்று எழுதினோம். அது கோப்புகளை வரிசையாகத் திறந்து படித்து, எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் பதிந்தது. முதலில் நத்தைபோல் ஊர்ந்தது. ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதிசெய்த பின்னரே அடுத்ததைத் தொட்டமையே காரணம். 500 பதிவுகளை ஒரு தொகுதியாக்கி, ஒரே முறை உறுதிசெய்யச் சொன்னோம். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. பிழைச் செய்தி ஒன்றேனும் வரவில்லை. அகமகிழ்ந்தோம்.

மறுவாரம் தேடியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்தவை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'டாப்' முறையில் அமைந்தவையும் அவற்றுள் இருந்தன. நிரலோ அனைத்தையும் யூனிகோடாகவே படித்தது. "புரியாத எழுத்தைத் தள்ளிவிடு" என்று அதற்குக் கட்டளையிட்டவர்கள் நாங்களே! தள்ளப்பட்டவை அத்தனையும் தமிழ் எழுத்துகள். எஞ்சியவை பெரும்பாலும் எண்களும் நிறுத்தக்குறிகளும்.

நல்வேளையாக, மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தோம். இம்முறை ஒவ்வொரு கோப்பின் எழுத்துமுறையையும் கண்டறிந்து, முதலில் யூனிகோடுக்கு மாற்றினோம். யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம். இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வேறு வேறு. ஆதலின் எல்லாவற்றையும் ஒரே வடிவாக்கிய பின்பே பதிந்தோம். படிக்க இயலாத கோப்பின் பெயரைத் தனிப் பட்டியலில் குறிக்கச் செய்தோம். பதிந்தவற்றையும் ஒதுக்கியவற்றையும் கூட்டி, 6,000 வருகின்றதா என்று சரிபார்த்தோம். பின்னர் ஆங்காங்கே 50 கோப்புகளை எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கண்ணால் படித்தோம்.

நேயர்களே, நிரல் கோப்புகளை எண்ணும், தமிழைப் படிக்காது. படிப்பது நம் கடமை. மூலத்தை அழிக்குமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.