சிறையிலே பிறந்த பாட்டு
(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வியத்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் 1942 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு மேலாகத் தென்சீனச் சிறைகளில் வாடினார். அங்கே சீனமொழியில் அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட சிறு கவிதைகளே ‘சிறைக் குறிப்பேடு’.

வீரமுழக்கத்தை எதிர்பார்த்தே ஏட்டைத் திறந்தோம். கண்டதோ சிரங்கு, விழுந்த பல், அரைவயிற்றுச் சோறு! சொறிவதை யாழ் மீட்டுவதாகக் கூறி அவர் நகைக்கிறார். நம் மேடைக் கவிஞர்கள் விழுப்புண்ணைப் பாடுவர், சிரங்கைப் பாடுவரோ? துன்பத்தை மறையாது உரைத்தமையாலேயே அவருடைய நம்பிக்கையை நாமும் நம்பினோம். உலக்கை குத்தக் குத்த அரிசி வெண்மையாவதைத் தம் வாழ்வோடு ஒப்பிடுகிறார். நெற்குத்தும் ஓசை கேட்டு வளர்ந்த உழவர் பெருமக்களுக்கு அதனை நாம் விளக்கவும் வேண்டுமோ?

விழுந்த பல்லுக்கு அவர் விடைகொடுக்கும் பாட்டை உங்கள் வீட்டு முதியோருக்குப் படித்துக் காட்டுங்கள். சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள்.