தில்லிப் பள்ளிகளும் திறன்பேசித் தடையும்

2023 ஆகஸ்டில் தில்லி அரசின் கல்வி இயக்ககம் ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. பிள்ளைகள் கைப்பேசியோடு பள்ளிக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெற்றோரிடம் ஒப்படைத்த அச்சுற்றறிக்கை, மீறிக் கொண்டுவரப்படும் கருவிகளைப் பூட்டி வைத்திருந்து பள்ளி விட்டதும் திருப்பித் தருவதற்கு ஏற்பாடு வேண்டும் என்றும், அவசர வேளையில் பெற்றோரும் பிள்ளைகளும் அழைப்பதற்கெனப் பள்ளியில் ஓர் உதவி எண் இருக்க வேண்டும் என்றும் கூறியது. வகுப்பறை, விளையாட்டுத் திடல், ஆய்வகம், நூலகம் ஆகிய இடங்களில் ஆசிரியர்களும் ஏனைய பணியாளர்களும்கூடக் கைப்பேசியைத் தவிர்க்க வேண்டும் என்பதே அதன் மிகச் சிறந்த பகுதி. ஆசிரியரின் கையில் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும் வகுப்பில் மாணவரிடம் மட்டும் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

ஒன்றரை ஆண்டுக்குப் பின்னர், கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் திறன்பேசிப் பயன்பாடு பற்றிய வழக்கில், தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி அனூப் ஜெய்ராம் பம்பானி 2025 பிப்ரவரி 28 அன்று அளித்த தீர்ப்பு, முழுத் தடை விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு ஒத்துவருவதும் அன்று எனக் கூறிச் சில வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மாணவர் திறன்பேசி கொண்டுவருவதைக் கொள்கையளவில் தடுக்கக் கூடாது, ஆனால் இயலும் இடங்களில் அதனைப் பள்ளியில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். வகுப்பறையில் அதற்கு இடமில்லை. பள்ளியின் பொது இடங்களிலும் பள்ளி வாகனங்களிலும் படமெடுப்பதோ பதிவு செய்வதோ கூடாது. மீறியோருக்குரிய தண்டனை, கருவியைப் பறித்து வைப்பது போன்று எளியதாகவும், எல்லோருக்கும் ஒரே அளவினதாகவும் அமைய வேண்டும். பாதுகாப்புக்கும் தொடர்புக்கும் கைப்பேசியை அனுமதிக்கலாம், பொழுதுபோக்குக்கு அன்று என்ற வேறுபாட்டின் மீதே இந்நெறிகள் நிற்கின்றன. அளவுமீறிய திரைநேரத்தின் தீங்குகளையும், இணையவழித் துன்புறுத்தல் எனப்படும், ஒருவரைச் செய்தியாலும் படத்தாலும் இழிவுபடுத்தி வருத்தும் கொடுமையையும் மாணவருக்கு எடுத்துரைக்கும் கடமை பள்ளிக்கு உண்டு என்றும் நீதிமன்றம் கூறியது.

பாதுகாப்பு என்ற சொல் தில்லியில் வெறும் சாக்குப்போக்கு அன்று. இந்நகரின் அரசுப் பள்ளிகள் பல, காலையில் மாணவியருக்கும் பிற்பகலில் மாணவருக்குமாக ஒரே கட்டடத்தில் இரு வேளைகளாக இயங்குகின்றன. குளிர்காலத்தில் பிற்பகல் வேளைப் பிள்ளைகள் வெளியே வரும்போது இருட்டிவிடும். 2024 மே முதல் நாளில் தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தபோது, அவை பொய் என்று தெரியும் வரை பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமன்று.

தடையால் விளையும் பயன் என்ன என்பதை ஆய்வுகளைக் கொண்டே அளக்க வேண்டும். இலண்டன் பொருளியல் பள்ளியைச் சார்ந்த ஆய்வு மையம் ஒன்று 2015இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்து, கைப்பேசி தடை செய்யப்பட்ட பின் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன என்றும், அவ்வுயர்வு படிப்பில் பின்தங்கிய மாணவரிடமே மிகுதி, முன்னணி மாணவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும் கண்டது. வீட்டில் தனிப்பயிற்சியோ அமைதியான அறையோ கிடைக்காத பிள்ளைக்கு வகுப்பறையில் கிடைக்கும் கவனமே முழு மூலதனம் என்பதால், இம்முடிவு தில்லியின் அரசுப் பள்ளிகளுக்கு மிகவும் பொருந்துவதாகும். ஆனால் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் 30 பள்ளிகளில் 12 முதல் 15 வயதுடைய 1,227 மாணவரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வோ, கட்டுப்பாடு மிகுந்த பள்ளிக்கும் குறைந்த பள்ளிக்கும் இடையே மாணவரின் மனநலத்தில் வேறுபாடு இல்லை என்றது. நாள் முழுவதும் கைப்பேசியில் கழியும் நேரம் கூடக்கூட, மனநலமும் உறக்கமும் கெடுகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பள்ளியில் பூட்டப்படும் கருவி பாடத்தைக் காக்கும். மாலையில் திறக்கப்படும் அதே கருவியிலிருந்து மனத்தைக் காப்பது பெட்டகத்தின் வேலையன்று.

இங்கே பள்ளிகளின் சொந்த நடைமுறையையும் பார்க்க வேண்டியுள்ளது. 2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது பாடத்தின் பெயரால் எண்ணற்ற பிள்ளைகளின் கைகளில் திறன்பேசி வந்து சேர்ந்தது. 2024 நவம்பரில் காற்று மாசு கடும் நிலையைத் தொட்டபோதும் தில்லியின் வகுப்புகள் இணையத்துக்கு மாற்றப்பட்டன. வீட்டுப்பாடமும் அறிவிப்பும் வாட்ஸ்அப் குழுக்களில் வருவது இன்று வழக்கமாகிவிட்டது. பாடத்துக்கென்று திறக்கப்படும் திரை பாடத்தோடு நிற்பதில்லை: இந்திய ஊரகக் கல்வி நிலை பற்றிய 2024ஆம் ஆண்டு அசர் அறிக்கை, திறன்பேசியைக் கையாளத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரத்தில் அதனைக் கல்விக்குப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு என்றும், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு என்றும் கூறுகிறது. காலையில் கைப்பேசியைப் பறித்து வைத்துவிட்டு மாலையில் அதன் வழியாகவே வீட்டுப்பாடம் அனுப்பும் பள்ளி, தன் விதியைத் தானே பலவீனப்படுத்துகிறது.

ஆகவே கட்டணப் பள்ளியோ அரசுப் பள்ளியோ, வீட்டுப்பாடத்தை மாணவரின் நாட்குறிப்பேட்டில் எழுதித் தரும் பழைய வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்றும், உதவி எண்ணில் அழைத்தால் உடனே எடுப்பதற்கு ஆள் இருக்க வேண்டும் என்றும், அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.