பாசியின் தற்காப்பு



மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கல்குடாவை அடுத்துப் பாசிக்குடா உள்ளது. அதன் பெயரிலேயே பாசி இருக்கிறது. 2010ஆம் ஆண்டில் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். அலை ஒதுக்கிய கபிலநிறப் பாசியொன்றை ஒரு மாணவி கையிலெடுத்தாள். மணிமணியாகக் காற்றுப்பைகள் கொண்ட அவ்வினத்தைச் சர்காசம் என்பர். "சேர், மீனும் நத்தையும் தின்ன வந்தால் இதற்கு ஓடத் தெரியாதே, பிறகு எப்படி மிஞ்சுகிறது?" என்று கேட்டாள்.

கலைப் பட்டதாரியாகிய நான், "ஓடத் தெரியாததற்குத் தற்காப்பு ஏது, பிள்ளை? தப்பியது தப்பியதுதான்" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பாசியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளது வினாவுக்குரிய விடை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்ததைப் பின்னரே படித்தறிந்தேன்.

நம் வாவிக்கரையிலே கண்ணா என்று வழங்கும் கண்டல் மரத்தை எண்ணிப் பாருங்கள். பருத்தி வலைகள் இருந்த காலத்தில், கண்டற் பட்டையை அவித்த சாயத்திலே வலைகளைத் தோய்ப்பதுண்டு. பட்டையிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் நூலை உக்கவிடாமற் காக்கும். தேநீரின் துவர்ப்பும் இவ்வகையினதே. கபிலப் பாசிகளும் இதனையொத்த ஒரு பொருளைத் தம் கலங்களிற் சேர்த்து வைக்கின்றன. அதன் பெயர் புளோரோதனின். எல்லா இனங்களும் ஒரே அளவிற் சேர்ப்பதில்லை. அது மிகுந்த பாசியைத் தின்னும் உயிர்கள் பல விரும்புவதில்லை.

இனி, வியப்புக்குரிய செய்தியைக் கேளுங்கள். சுவீடன் நாட்டுக் கடலிலே அஸ்கோபில்லம் என்னும் கபிலப் பாசி வளர்கிறது. அதனைத் தோத், பாவியா என்னும் இரு ஆய்வாளர் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கடல் நத்தை மேய்ந்த பாசியில் புளோரோதனின் அதிகரித்தது. மேய்ச்சலைப் போலச் செயற்கையாகக் காயப்படுத்தியபோதோ அவ்வாறு அதிகரிக்கவில்லை. வெட்டுக்காயம் வேறு, நத்தையின் கடி வேறு என்று பாசி பிரித்தறிகிறது! மேலும், மேயப்பட்ட பாசியிலிருந்து நீர்வழியே வந்த இரசாயனக் குறிப்பினால், கடிபடாத அயற்பாசியும் புளோரோதனினைப் பெருக்கிக்கொண்டது. நத்தைகளும் அதனை முன்போல் நாடவில்லை.

இத்தகைய பொருளை ஆக்குவதற்குப் பாசி தன் உணவிலே ஒரு பங்கைச் செலவிட வேண்டும். வளர்ச்சிக்குரிய அப்பங்கை ஆபத்து நெருங்கும்போது மட்டும் தற்காப்புக்குத் திருப்புவது சிக்கனமன்றோ?

அன்றைய மாணவி இப்போது எவ்வூரில் இருக்கிறாளோ, அறியேன். இவ்வுரை அவள் செவிக்கு எட்டுமாயின், அவளுக்கு நான் சொல்வது இதுதான்: பிள்ளை, உன் வினா சரியானது. என் விடைதான் பிழையானது. தெரியாது என்று சொல்லியிருந்தால், நாம் இருவருமே தேடியிருப்போம்.