முட்டை போன ஊருக்கு

நாமக்கல் முட்டை கடல் தாண்டி மாலத்தீவு போவது தெரிந்த சங்கதி. அதன் பின்னாலேயே நாமும் போகலாம். சுற்றுலாவுக்கு இறங்கியதும் விசா இலவசம். புறப்படுமுன் 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் போதும்.

பெட்டி கட்டும்போதுதான் கவனம். மதுவும் பன்றி இறைச்சியும் கூடாதென்று பலருக்கும் தெரியும். வழிபாட்டுச் சிலையும் கூடாது! ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, துணைக்கு ஒரு சின்னப் பித்தளைச் சிலையைப் பையில் போடுவோமே, அதைப் பூஜை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடா. அன்று தீவு மாறத் திட்டம் வேண்டாம்.

காலைப் பலகாரம் மஸ் ஹுனி. சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்து, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியோடு தருவார்கள். மீன் ஆகாதா? நம்ம ஊர் முட்டை இருக்கவே இருக்கிறது.