காப்பீட்டு அட்டை: யார் படம்? யார் பணம்?

(புளியங்குடி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, கமிஷன் கடை வியாபாரிகளே, கடையை அடைத்த கையோடு வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து நிற்கும் இளைஞர்களே!

போன வாரம் இஷாவுக்குப் பிறகு டீக்கடையில் ஒரு சண்டை. கை கலப்பு இல்லை, வாய்ச் சண்டைதான். ஒருவர் சொல்கிறார், ஐந்து லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு மோடி கொடுத்தது என்று. இன்னொருவர், அம்மா கொண்டுவந்த திட்டத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள் என்கிறார். மூன்றாமவர் பெரியவர், கலைஞர் போட்ட விதை அது, மற்றவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான் என்கிறார். நான் டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு மூவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன்: உங்கள் வீட்டில் அந்த அட்டை இருக்கிறதா?

ஒருவரிடம் இல்லை. ஒருவரிடம் இருக்கிறது, எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. பெரியவர் வீட்டில் பழைய அட்டை. அதில் மருமகள் பெயரும் இல்லை, பேரப்பிள்ளைகள் பெயரும் இல்லை.

சகோதரர்களே, மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 2009 ஜூலை 23 அன்று 'உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அரசு பிரீமியம் கட்டியது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் கம்பெனிக்கு. 2011இல் ஆட்சி மாறியது. ஜூலையில் அந்தத் திட்டம் நின்றது. ஜெயலலிதா அம்மையார் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவை வைத்து 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' என்று புதிதாகத் தொடங்கினார். தொடங்கிய நாள் 2012 ஜனவரி 11.

ஜூலைக்கும் ஜனவரிக்கும் நடுவில் எத்தனை மாதம்? ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் கையில் பழைய அட்டையோடு நெஞ்சு வலி வந்தவன் எங்கே போனான்? எந்த மேடையிலும் இதை ஒருவரும் பேசியதில்லை. நாமும் பேசியதில்லை.

அந்தச் சண்டையில் நோயாளிக்கு ஒரு இலாபமும் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்திற்காகக் கட்டிய கட்டடம், கட்டியவர் கலைஞர் என்பதற்காகவே கைவிடப்பட்டு, 2014இல் பன்னோக்கு மருத்துவமனை ஆனது. அரசியல் பகையில் கிடைத்த ஆஸ்பத்திரி! அல்லாஹ் எப்படியெல்லாம் ஏற்பாடு செய்கிறான் பாருங்கள்.

பெயர் மாற்றும் இந்த வியாதி நமக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். ஆந்திராவில் ராஜசேகர ரெட்டி 2007இல் ராஜீவ் பெயரில் ஆரோக்கியஸ்ரீ கொண்டுவந்தார். நாயுடு வந்ததும் என்.டி.ஆர். பெயர். 2019இல் ஜெகன் வந்ததும் ஒய்.எஸ்.ஆர். பெயர். 2024இல் நாயுடு திரும்பி வந்தார், மறுபடியும் என்.டி.ஆர். பெயர். போர்டு எழுதும் பெயிண்டருக்கு நல்ல வரும்படி.

2018 செப்டம்பர் 23இல் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியபோது இதே தகராறு நாடு முழுவதற்கும் பரவியது. மேற்கு வங்கத்தில் மம்தா 2019 ஜனவரியில் வெளியேறினார். பணத்தில் பங்கு நாங்கள் போடுகிறோம், வீட்டுக்கு வரும் கடிதத்தில் படம் மட்டும் பிரதமருடையதா என்பது அவர் கேள்வி. டெல்லியிலும் ஒடிசாவிலும் ஆட்சி மாறிய பிறகே, 2025இல் அந்த மாநிலங்கள் சேர்ந்தன. தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2018இலேயே சேர்ந்தது, ஆனால் தன் திட்டத்தைக் கைவிடாமல் இரண்டையும் இணைத்தது. ஒரு லட்சமாக இருந்த காப்பீடு ஐந்து லட்சம் ஆனது.

இங்கேதான் இளைஞர்கள் காது கொடுக்க வேண்டும். மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு என்பது எல்லாக் குடும்பத்துக்கும் இல்லை. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் யார் ஏழை என்று பதிவானதோ பெரும்பாலும் அவர்களுக்குத்தான் மத்திய அரசு பங்கு தருகிறது. நம் மாநிலத்தில் அப்படி சுமார் 77 லட்சம் குடும்பங்கள். மாநிலத் திட்டத்தில் உள்ளவர்களோ ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் மேல். மீதிக் குடும்பங்களுக்கு முழுப் பிரீமியமும் மாநிலக் கஜானாவிலிருந்து போகிறது. 2011இல் கைக்குழந்தையாக இருந்தவன் இன்று பிளஸ் ஒன் படிக்கும் வயதில் இருக்கிறான். அந்தப் பழைய பட்டியலை வைத்து ஏழையை எண்ணுவது என்ன நியாயம்? அட்டையில் யார் படம் என்று சண்டை போடும் நேரத்தில் இந்தக் கேள்விக்குச் சண்டை போட்டிருந்தால் பிரயோஜனம் இருந்திருக்கும்.

வல்லரசு என்கிறோமே அமெரிக்கா, அங்கேயும் தீரவில்லை. 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டம். அதில் பிரீமியத்துக்குத் தரும் மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற தகராறில் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கமே முடங்கிக் கிடந்தது. பக்கத்தில் இருக்கும் இலங்கையில் அட்டையும் இல்லை, பிரீமியமும் இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டணம் இல்லாமல் பார்க்கிறார்கள். வசதி குறைவு, கூட்டம், மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் உண்டு. ஆனாலும், உன் வருமானம் என்ன என்று வாசலில் யாரும் கேட்பதில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதை மேடையில் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2009இல் நான் மதரஸாவிலிருந்து ஸனது வாங்கி வந்து சில ஆண்டுகளே ஆன வாலிபன். கலைஞர் காப்பீட்டுக்குப் போட்டோ எடுக்கும் முகாம் நடந்தது. எலுமிச்சை மார்க்கெட்டில் மூடை தூக்கும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், இன்சூரன்ஸ் கார்டு வாங்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நான் படித்ததை ஒப்பித்தேன். அதில் வட்டி இருக்கிறது, சூதாட்டம் இருக்கிறது, கூடாது என்றேன். அந்த வெள்ளிக்கிழமை பயானிலும் பேசினேன். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: அன்றைய ஆட்சியின் மேல் எனக்கு இருந்த அரசியல் கோபமும் அந்தப் பேச்சில் கலந்திருந்தது. மார்க்கம் பாதி, கட்சி பாதி. கேட்டவருக்கு அது தெரியாது. அவர் மார்க்கம் என்று நம்பினார். போட்டோ எடுக்கப் போகவில்லை.

மறு வருஷம் அவருக்கு இருதயத்தில் அடைப்பு. ஊர் சேர்ந்து நெல்லைக்குக் கொண்டு போனோம். வீட்டில் இருந்த நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போனது. அது போதாமல் கந்துவட்டி. ஜமாஅத்தும் அந்த வருஷத்து ஜகாத்தில் ஒரு தொகை கொடுத்தது. அல்ஹம்துலில்லாஹ், ஆள் பிழைத்தார். ஆனால் அந்த வட்டியைக் கட்ட மகன் படிப்பை நிறுத்திவிட்டு கமிஷன் கடையில் உட்கார்ந்தான். வட்டியை விட்டு விலகுங்கள் என்று நான் பேசிய பேச்சு, ஒரு மூமினை வட்டிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் ஸலாம் சொல்லி, நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார். அதுதான் எனக்குப் பாரம்.

பிறகு உஸ்தாதுமார்களிடம் கேட்டேன், கிதாபுகளைப் புரட்டினேன். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் பேரவை, இலாப நோக்கத்தில் பிரீமியம் வாங்கி நடத்தும் வணிகக் காப்பீட்டைக் கூடாது என்றது. ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது. நாமே பிரீமியம் கட்டும் பாலிசியில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது; நான் மறைக்கவில்லை. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டில் நீங்கள் ஒரு பைசா கட்டுவதில்லை. அரசு தன் குடிமகனுக்குச் சிகிச்சை தருகிறது. அது கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தம் அதன் கணக்கு. ரேஷன் அரிசி வாங்குகிறோம், அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறோம், இதிலும் அதே நிலைதான் என்று நான் விசாரித்த ஆலிம்கள் சொன்னார்கள். இந்தக் கேள்வியை 2009லேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது வியாபாரிகளுக்கு. வருமான வரம்பு 2022இல் 72,000இலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. மாதம் பத்தாயிரம். பெட்டிக்கடை வைத்திருப்பவன்கூட இதைத் தாண்டிவிடுவான். ஆனால் பைபாஸ் ஆபரேஷன் என்றால் அவனும் கடையை விற்கத்தான் வேண்டும். ஏழையும் இல்லை, பணக்காரனும் இல்லை. இந்த நடுவில் நிற்பவனைப் பற்றி எந்தக் கட்சியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சொந்தமாகப் பாலிசி எடுத்தால் அதற்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று இருந்தது. நோய்க்குப் பயந்து சேர்க்கும் பணத்துக்கு வரி! 2024இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே அதை நீக்கும்படி நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்ற வாசலில் எதிர்க்கட்சிகள் போராடின. தனிநபர் மற்றும் குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி நீங்கியது. ஆளும் கட்சி அமைச்சரும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் கேட்டால் காரியம் நடக்கிறது என்பதற்கு இது ஒரு அத்தாட்சி.

பாலிசி எடுப்பவர்கள், சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2024இல் விதி வந்துவிட்டது. மறைத்துவிட்டுப் பிறகு கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று ஜமாஅத்தில் வந்து புகார் செய்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

அட்டை கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் அது. காய்ச்சலுக்கும், தினம் போடும் மாத்திரைக்கும் அதில் இடமில்லை. அதற்கு அரசு ஆஸ்பத்திரிதான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை அங்கே இலவசம். 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே கொண்டு வந்து தரும் ஏற்பாடும் வந்தது. நம் ஊரில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதைக் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். மாதாமாதம் மெடிக்கலில் கடன் வைக்கும் வீடுகளும் அவைதான்.

காப்பீடு வந்த நாளிலிருந்து இடதுசாரிகள் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் இந்தப் பணத்தை அரசு ஆஸ்பத்திரியிலேயே போட்டால் என்ன என்று. அவர்களோடு நமக்கு ஆயிரம் வேறுபாடு இருக்கலாம். கேள்வி சரியான கேள்வி. காசை யார் எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க, 2023 ஆகஸ்டில் வந்த தணிக்கைத் துறை அறிக்கை போதும். ஆயுஷ்மான் திட்டத்தில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருக்கிறார்கள். பத்து ஒன்பதுகள் கொண்ட எண்!

அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் ஆபரேஷனுக்கும் இந்த அட்டையில் பணம் உண்டு. அந்தப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போய்க் கருவி வாங்க உதவுகிறது. ஆகவே பாளை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் அட்டையைக் கொண்டு போங்கள். இலவசம்தானே, எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

ஆனால் நாம் ஏன் பாளைக்குப் போக வேண்டியிருக்கிறது? 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. பட்டாசு வெடித்தோம். 2022 ஜனவரி 12இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பக்கத்து விருதுநகருக்கு வந்தது, இராமநாதபுரத்துக்கு வந்தது. தென்காசி அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்து லட்சத்துக்கு அட்டை சட்டைப்பையில் இருக்கும். வாசுதேவநல்லூரில் நெஞ்சைப் பிடித்து விழுகிறவனை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் நெல்லைக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். டீக்கடையில் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாதீர்கள், அவர்களிடம் கேளுங்கள்.

வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வராண்டாவில் நம் இளைஞர்கள் மேசை போடுகிறார்கள், இன்ஷா அல்லாஹ். ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று மூன்றையும் கொண்டு வாருங்கள். சான்று இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருவார்கள். பழைய அட்டையில் மருமகள், பிள்ளைகள் பெயர் விடுபட்டவர்களும் வாருங்கள். படம் பிடிப்பது தென்காசி கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில். பெரியவர்களை அழைத்துப் போக வேன் ஏற்பாடு செய்வதாக இரண்டு கமிஷன் கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மாற்று மத சகோதரர்கள் வந்தாலும் வரிசையில் அவர்களுக்கும் இதே மேசைதான். பெண்களுக்கு மதரஸாவில் தனி மேசை.

முதல் விண்ணப்பத்தை எழுதுவதற்கு நான் உட்காருகிறேன். அந்தச் சகோதரருக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், மகனையும் கூட்டிக்கொண்டு வரும்படி.