லக்கி பேம்பு: ஞாயிறுதோறும் பத்து நிமிடம்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பிளாக்கில் பல வீடுகளின் வரவேற்பறையில் கண்ணாடிக் குவளையும் அதில் நாலைந்து பச்சைத் தண்டுகளும் இருக்கின்றன. லக்கி பேம்பு என்கிறோம். உண்மையில் அது மூங்கிலே அல்ல. டிரசீனா வகையைச் சேர்ந்தது, பூர்வீகம் ஆப்பிரிக்கா. பெரிய மரங்களின் நிழலில் வளரும் செடி. அதனால்தான் நேர் வெயில் பட்டால் இலை கருகுகிறது. ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, வெளிச்சம் மட்டும் வரும் இடத்தில் வையுங்கள். ஏ.சி. காற்று நேராக அடிக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு அதிகம். இலை நுனி பழுப்பாகும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் வாளியில் பிடித்து, மூடி வைக்காமல், ஒரு நாள் விட்டு ஊற்றுங்கள். வேர் மூழ்கும் அளவு போதும். தண்டு முழுவதும் மூழ்க வேண்டாம். திரவ உரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் ஓரிரு சொட்டு. அதிகம் போட்டால் இலை மஞ்சளாகும்.

வேர் செம்மஞ்சள் நிறமாக இருந்தால் பயப்படாதீர்கள், அது ஆரோக்கியம். கறுத்து, நாற்றம் அடித்தால் அழுகல். அந்த வேரை வெட்டிவிடுங்கள். தண்டே மஞ்சளாகிக் கொழகொழத்தால் அதை உடனே எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துத் தண்டுகளும் கெடும். மேலே பச்சையாக உள்ள பகுதியைக் கணுவுடன் வெட்டித் தண்ணீரில் வைத்தால் மறுபடி வேர் விடும். நாய், பூனை வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தி வரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் அதற்கு வேண்டும். 2001-ல் சீனாவிலிருந்து கப்பலில் லாஸ் ஏஞ்சலீஸ் துறைமுகத்துக்குத் தண்ணீரோடு வந்த லக்கி பேம்புப் பெட்டகங்களில் ஆசியப் புலிக்கொசு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் ஏடிஸ் இனம்தான். கடல் கடந்து போன கொசுவுக்கு நம் பால்கனி எம்மாத்திரம்?

முட்டை பொரிந்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றச் சொல்கிறேன். மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, குவளையின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும், கூழாங்கற்களையும் கழுவ வேண்டும். பழைய தண்ணீரை மண் தொட்டியில் ஊற்றுங்கள். செடிக்கு உரம், புழு இருந்தாலும் மண்ணில் செத்துவிடும்.

நான் வங்கியில் இருந்தவன். அன்றைய கணக்கை அன்றே சரிபார்க்காமல் வீட்டுக்குப் போக மாட்டோம். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டைத் தலைவலி. இதுவும் அப்படித்தான்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாதம் பூட்டிய வீட்டில் குவளையை விட்டுப் போகாதீர்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாங்கிக்கொள்ள யாரும் இல்லையென்றால் என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். லிஃப்ட் அருகே உள்ள பொதுக் குவளைகளுக்கும் மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நம் மாடிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை தண்டு வைத்தால் என்ன அதிர்ஷ்டம் என்று கடைக்காரர் சொல்லுவார். அது அவரவர் நம்பிக்கை. மழைக்காலம் முடியும்வரை இந்தப் பிளாக்கில் ஒரு குழந்தைக்கும் டெங்கு வராமல் இருந்தால் எனக்கு அதுவே பெரிய அதிர்ஷ்டம். வரும் ஞாயிறு காலை காபி குடித்ததும் குவளையைக் கையில் எடுங்கள்.